பரவனாற்றின் புது வழியை மழையில் போய்ப் பாருங்கள்

நெய்வேலிச் சுரங்கங்களுக்குக் கீழே, பரவனாற்றுப் படுகையில் பயிர் வைக்கும் விவசாயப் பெருமக்களுக்கும், ஏரிப் பாசன சங்கத்தாருக்கும், அந்த ஊர்களின் இளைஞர்களுக்கும் எழுதுகிறேன்.

2023 ஜூலை கடைசியில் மேல்வளையமாதேவியில் விளைந்து நின்ற நெல்லுக்குள் பொக்லைன்கள் இறங்கியதை நாடே பார்த்தது. வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அழிந்த பயிருக்கு இழப்பீடு தரச் சொல்லி உத்தரவும் வந்தது. அன்று அவை வெட்டியது, சுரங்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பும் மாற்றுக் கால்வாய். சுரங்கத்தை நடத்தும் நிறுவனம் அப்போது சொன்ன கணக்குப்படி மொத்தம் 12 கிலோமீட்டர். அதில் பத்தரை கிலோமீட்டர் முன்பே முடிந்து, மீதி ஒன்றரை கிலோமீட்டருக்குத்தான் அவ்வளவு போராட்டமும். நிலம், இழப்பீடு, வேலை என்று நீங்கள் அன்று எழுப்பிய கேள்விகள் எல்லாம் நியாயமானவை. அவற்றை உங்களைவிட நன்றாகப் பேச என்னால் ஆகாது. வாய்க்காலும் வடிகாலும் பார்த்தே காலம் போக்கியவன் என்ற முறையில், அவற்றுக்கு அடுத்து வரும் சில கேள்விகளை மட்டும் உங்கள் முன் வைக்கிறேன். வெட்டிய ஆறு சரியாக வெட்டப்பட்டிருக்கிறதா? சுரங்கம் தோண்டி, திரும்ப மண் நிரப்பி, மரம் நட்டு, 'மீட்கப்பட்டது' என்று காட்டும் நிலத்திலிருந்து இறங்கும் மழைநீர் உங்கள் வயலுக்கு எப்படி வந்து சேரப்போகிறது? இதை யார், எப்போது பார்த்துச் சொல்ல வேண்டும்?

நீங்களும் உடனிருந்து பார்க்க வேண்டும் என்பதுதான் என் பதில். ஏன், எப்படி என்று சொல்கிறேன்.

நெய்வேலியில் முதல் பழுப்பு நிலக்கரி வெளியே வந்தது 1961இல். அங்கே ஒரு டன் கரி எடுக்க ஐந்து கன மீட்டருக்கும் மேல் மண்ணை அள்ள வேண்டும். அந்த மண் முதலில் சுரங்கத்துக்கு வெளியே மலையாகக் குவிகிறது. பிறகு கரி எடுத்து முடித்த குழிக்குள்ளேயே கொட்டப்படுகிறது. இயற்கையாகப் படிந்த நிலத்தில் செம்மண், களிமண், மணல் என்று ஒவ்வொன்றும் தன் அடுக்கில் இருக்கும். தண்ணீர் எங்கே இறங்கும், எங்கே ஓடும் என்பது ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் அமைந்த ஒழுங்கு. ராட்சதச் சக்கர இயந்திரம் வாரி, கன்வேயரில் ஏற்றிக் கொட்டும்போது அந்த ஒழுங்கு போய்விடுகிறது. களி மேலே வந்த இடத்தில் மழைநீர் உள்ளே இறங்காமல் அப்படியே வழிகிறது. மணல் மேலே வந்த இடத்தில் உறிஞ்சப்பட்டு, நாம் எதிர்பார்க்காத வேறொரு இடத்தில் ஊற்றாகக் கசிகிறது. கொட்டிய மண் பல ஆண்டுகள் அமுங்கிக்கொண்டே இருக்கும். அதுவும் எல்லா இடத்திலும் ஒரே அளவாக அமுங்காது. சமமாக வெட்டிய வாய்க்காலின் தரை ஓரிடத்தில் தொய்ந்து குட்டையாகும். அதற்கு அடுத்த பகுதியில் சரிவு கூடி நீர் தரையை அறுக்கத் தொடங்கும். திறப்பு விழா நாளில் எடுத்த அளவு ஐந்தாம் வருடம் செல்லாது.

ஆகையால் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்: கால்வாயின் எந்தப் பகுதி வெட்டாத நிலத்தில் போகிறது, எந்தப் பகுதி நிரப்பிய மண்ணின் மேலோ அதன் ஓரமாகவோ போகிறது? வரைபடத்தில் இதைக் கோடு போட்டுக் காட்டச் சொல்லுங்கள். நிரப்பிய மண்ணில் போகும் ஒவ்வொரு நீளத்துக்கும் வருடா வருடம் லெவல் எடுத்தாக வேண்டும்.

ஆற்றை இடம் மாற்றியவர்கள் நாம் மட்டுமில்லை. ஜெர்மனியில் இண்டன் என்ற பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்துக்காக இண்டே ஆற்றை நகர்த்தினார்கள். ஐந்து கிலோமீட்டர் பழைய படுகைக்கு மாற்றாகப் பன்னிரண்டு கிலோமீட்டர் புதுப் படுகை. 2005இல் தண்ணீர் விட்டார்கள். அது நேர்கோட்டுக் கால்வாய் இல்லை. வளைவு, நெளிவு, வெள்ளம் பரவ இரு கரையிலும் இடம் எல்லாம் கொடுத்து, கவனமாகச் செய்த வேலை. 2021 ஜூலையில் மேற்கு ஜெர்மனியில் பெருவெள்ளம் வந்தபோது, லாமர்ஸ்டோர்ஃப் ஊர் அருகே அந்த ஆறு கரையை மீறிப் பழைய படுகையின் வழியே ஓடிச் சுரங்கத்துக்குள் கொட்டியது. அங்கே வேலையில் இருந்த ஒரு தொழிலாளி உயிரிழந்தார். பணத்துக்கோ பொறியாளருக்கோ பஞ்சமில்லாத நாட்டில், பதினாறு வருடம் நன்றாக ஓடிய ஆறு அது. புதுப் படுகையும் பழைய படுகையும் பிரியும் முனைதான் இந்த வகை வேலையில் மிக ஆபத்தான இடம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

பரவனாற்றிலும் அந்த முனை உண்டு. ஆறு பழைய வழியை விட்டுப் புது வழிக்குத் திரும்பும் இடத்தில் கரை எவ்வளவு உயரம், எவ்வளவு அகலம், உள்பக்கம் கல் பதித்திருக்கிறதா, அந்தக் கல்லுக்கு அடியில் சல்லியும் மணலும் வடிகட்டிப் படுகையாகப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். வெறும் மண்ணின் மேல் கருங்கல்லை அடுக்கினால், வெள்ளம் வடியும்போது கல்லின் இடுக்கு வழியே மண் உருவப்பட்டு, ஒரே பருவத்தில் கல் உள்ளே இறங்கிவிடும். அங்கங்கே கல் புதைந்து குழி விழுந்திருந்தால் காரணம் அதுதான். அதே போல, புதுக் கால்வாய் திரும்பவும் பழைய ஆற்றில் சேரும் கீழ் முனையையும் விட்டுவிடாதீர்கள். இரண்டு தரைக்கும் மட்டம் ஒத்துப்போகாவிட்டால் அங்கே ஒரு சின்ன நீர்வீழ்ச்சி உண்டாகும். அது நின்ற இடத்தில் நிற்காது. ஒவ்வொரு வெள்ளத்துக்கும் மேல்நோக்கி நகர்ந்து, கால்வாயின் தரையை அறுத்துக்கொண்டே போய், கடைசியில் மேலே இருக்கும் பாலத்தின் அஸ்திவாரத்தை வெளியே காட்டிவிடும்.

கால்வாயின் கொள்ளளவு பற்றி ஒரு எளிய சோதனை இருக்கிறது. மேலே, ஆறு மாற்றப்படாத பகுதியில் பழைய பாலம் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். அங்கே ஆற்றின் அகலம், வெள்ளக் குறி வரை ஆழம் இரண்டையும் அளந்து எழுதுங்கள். கீழேயும் ஓரிடத்தில் அதேபோல அளவெடுங்கள். நடுவில் இருக்கும் புதுக் கால்வாயின் கொள்ளளவு இந்த இரண்டையும்விடக் குறைவாக இருக்கக்கூடாது. இது என் சொந்த விதி இல்லை. அமெரிக்காவில் 1977இல் வந்த சுரங்க நில மீட்புச் சட்டத்தின் கீழ் எழுதப்பட்ட விதிகளில் இதே நிபந்தனை இருக்கிறது. அதோடு, நிரந்தரமாக மாற்றப்படும் ஆறு, நூறு ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய ஆறு மணி நேரப் பெருமழையின் வெள்ளத்தைச் சேதமின்றிக் கடத்த வேண்டும் என்றும் அந்த விதி சொல்கிறது. நம் கால்வாய் எந்த மழைக்குக் கணக்கிடப்பட்டது? இந்த ஒரு எண்ணைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கி, ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதி வையுங்கள். 2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. ஓடை பெருகி விசூரும் பெரியகாட்டுப்பாளையமும் என்ன பாடுபட்டன என்பதை உங்கள் மாவட்டம் மறந்திருக்காது. அந்த மழையைத் தாங்குமா என்பதுதான் உங்கள் மண்ணில் கேட்க வேண்டிய கேள்வி.

சரிவையும் கவனியுங்கள். இரண்டு முனைக்கும் இடையே மட்ட வித்தியாசம் மாறப்போவதில்லை. வழியை நீட்டினால் சரிவு குறைந்து நீர் மெதுவாகும். வண்டல் படிந்து ஆண்டுதோறும் தூர் எடுக்க வேண்டி வரும். சுருக்கினால் வேகம் கூடித் தரை அறுபடும். எந்தப் பக்கம் போனாலும் செலவு உண்டு. அந்தச் செலவை யார், எத்தனை வருடம் ஏற்பார்கள் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். தூர் எடுப்பது ஊராட்சியின் தலையில் வந்து விழுந்தால் கால்வாய் ஐந்து வருடத்தில் காட்டாமணக்குக் காடாகிவிடும்.

இனி மேலே, மண்மேடுகளுக்கு வருவோம். சுரங்க எல்லைக்குள் அனுமதி இல்லாமல் யாரும் போக வேண்டாம். நிரப்பிய மண்ணின் விளிம்பு நம்ப முடியாதது. ஜெர்மனியில் நாக்டர்ஷ்டெட் என்ற ஊரில், தண்ணீர் நிரப்பி ஏரியாக்கிக்கொண்டிருந்த ஒரு பழைய சுரங்கத்தின் கரை 2009இல் வீடுகளோடு சரிந்து மூன்று பேர் இறந்தார்கள். ஆகவே பொறியாளரோடு, பகலில், அனுமதியோடு போங்கள். போனால் மரங்களைப் பார்த்து நின்றுவிடாதீர்கள். சவுக்கும் முந்திரியும் தைலமும் பச்சையாக நிற்பது கண்ணுக்கு நிறைவாகத்தான் இருக்கும். புகைப்படத்திலும் அதுதான் வரும். நீங்கள் தரையைப் பாருங்கள்.

மேட்டின் படிகள் ஒவ்வொன்றும் உள்பக்கம் சாய்ந்து, அங்கே ஒரு வாய்க்காலில் நீரைச் சேர்க்க வேண்டும். வெளிப்பக்கம் சாய்ந்திருந்தால் மழைநீர் சரிவின் முகத்தில் வழிந்து அதைக் கிழிக்கும். விரல் அகலக் கீறல் ஒரு பருவத்தில் ஆள் இறங்கும் ஓடையாகிவிடும். படியிலிருந்து படிக்கு நீர் இறங்கும் இடத்தில் கல்லோ காங்கிரீட்டோ பதித்த சறுக்கு இருக்கிறதா, அது கடைசி வரை போகிறதா, இல்லை பாதியில் நின்று மண்ணில் கொட்டுகிறதா என்று பாருங்கள். படியின் மேல் ஓரிடத்தில் நீர் தேங்கிப் பாசி பிடித்திருந்தால், மண் அமுங்கிவிட்டது என்று அர்த்தம். விளிம்புக்கு இணையாக நீளமான வெடிப்பு தெரிந்தால் பேசாமல் திரும்பி வந்து, அன்றைக்கே எழுத்தில் புகார் கொடுங்கள்.

மேட்டின் அடியைச் சுற்றி வெட்டும் வடிகாலைச் சுரங்கத்தார் கார்லண்ட் டிரெயின் என்பார்கள். அது போய்ச் சேரும் வண்டல் குட்டைதான் உங்கள் வயலுக்கும் அந்த மேட்டுக்கும் இடையிலுள்ள ஒரே காவல். குட்டைக்குள் ஒரு கழியை ஊன்றி எவ்வளவு வண்டல் சேர்ந்திருக்கிறது என்று அளவெடுங்கள். பாதிக்கு மேல் தூர்ந்த குட்டைக்குள் வெள்ளம் நின்று தெளிய நேரம் கிடைக்காது. களித்தண்ணீர் உள்ளே வந்த வேகத்தில் அப்படியே வெளியே போய்விடும். பருவத்துக்கு முன் தூர் எடுத்தார்களா என்பதை செப்டம்பர் மாதத்திலேயே கேட்க வேண்டும். நவம்பரில் கேட்டுப் பயனில்லை.

தண்ணீரின் நிறமும் செய்தி சொல்லும். பழுப்பு நிலக்கரியோடும் அதை ஒட்டிய மண்ணோடும் இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம் இருந்தால், காற்றும் நீரும் பட்டவுடன் அது அமிலத்தையும் கரைந்த இரும்பையும் விடும். ஜெர்மனியின் லௌசிட்ஸ் பகுதியில் சுரங்கங்கள் மூடி, பம்புகள் நின்று, நிலத்தடி நீர் திரும்ப ஏறியபோது ஸ்ப்ரே ஆறே காவி நிறமாகிவிட்டது. இன்னும் அங்கே அதைச் சரிசெய்யப் போராடிக்கொண்டிருக்கிறார்கள். நெய்வேலியிலும் கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நீரைத் தொடக்கத்திலிருந்தே பம்பு வைத்து இறைத்துக்கொண்டுதான் சுரங்கம் நடக்கிறது. பம்புகள் நிற்கும் நாளில் அந்த நீர் எங்கே ஏறும், எந்த நிரப்பிய மண்ணைக் கழுவிக்கொண்டு வெளியே வரும் என்பதற்கு இப்போதே விடை கேளுங்கள். இன்றைக்கு நீங்கள் செய்யக்கூடியது எளிது. கால்வாய்க் கரையில் கசியும் ஊற்றுகளில் காவிப் படிவு இருக்கிறதா என்று பாருங்கள். நீரின் மேல் எண்ணெய்ப் படலம் போலத் தெரிந்தால் குச்சியால் கலையுங்கள். திரும்ப ஒன்றாகக் கூடினால் எண்ணெய். தகடு போல உடைந்து துண்டு துண்டாக நின்றால் இரும்புச் சத்துள்ள நீரில் வாழும் பாக்டீரியாவின் படலம். பி.எச். தாள் ஒரு கட்டு வாங்கினால் பள்ளிப் பிள்ளைகளே அமிலத்தன்மையைச் சோதிக்கலாம். மாதம் ஒருமுறை, அதே இடத்தில், தேதி போட்டு எழுதிவந்தால் அந்த நோட்டுக்கு இருக்கும் மதிப்பு எந்த மேடைப் பேச்சுக்கும் இருக்காது.

பார்வைக்கு நன்றாக இருக்கும் ஓடை உயிருள்ள ஓடையாகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதியில், நிலக்கரிச் சுரங்கத்தால் அழிந்த ஓடைகளுக்கு ஈடாகச் செய்யப்பட்ட 434 ஓடைப் பணிகளின் அறிக்கைகளைப் பாமர், ஹோண்டுலா என்ற இரு ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வில் அலசினார்கள். ஐந்து ஆண்டுக்குப் பிறகும் அவற்றில் 97 சதவீதம் உயிரினங்கள் வாழத் தகுந்த நல்ல நிலையை எட்டவில்லை. சட்டம் இருந்தும், கண்காணிப்பு இருந்தும் வந்த முடிவு இது. பரவனாற்று நீர் பெருமாள் ஏரிக்குப் போய், அங்கிருந்து கடலூர் உப்பனாற்றோடு கடல் சேர்கிறது. மீனும் நண்டும் பறவையும் இருக்கும் ஏரி அது. ஏரியில் மீன் பிடிப்பவர்களும் உங்கள் குழுவில் இருக்க வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான்.

இந்தப் பரிசோதனை எப்போது நடக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கோடையில், காய்ந்த கால்வாயில் ஜீப்பில் வந்து பார்த்துப் போவது பரிசோதனையே ஆகாது. பருவத்துக்கு முன் ஒருமுறை, மழை கொட்டும்போது பாதுகாப்பான கரையில் நின்று ஒருமுறை, பருவம் முடிந்து நீர் வடிந்ததும் ஒருமுறை என்று பார்க்க வேண்டும். மழையில் எடுத்த ஒரு நிமிட வீடியோ, இடமும் நேரமும் பதிவாகியிருந்தால், நூறு பக்க அறிக்கையைக் கேள்வி கேட்கும் வலு பெற்றது.

அமெரிக்கச் சட்டத்தின் சில ஏற்பாடுகளை நாம் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். அங்கே அந்தச் சட்டம் சும்மா வரவில்லை. 1972 பிப்ரவரி 26ஆம் தேதி மேற்கு வர்ஜீனியாவில் பஃபலோ கிரீக் பள்ளத்தாக்கின் தலையில் இருந்த சுரங்கக் கழிவு அணை உடைந்து 125 பேர் மாண்டார்கள். நாலாயிரம் பேருக்கு வீடு போனது. ஐந்து ஆண்டு கழித்து வந்த சட்டம், சராசரியாக மாதம் ஒரு பகுதிப் பரிசோதனை, காலாண்டுக்கு ஒரு முழுப் பரிசோதனை, அதுவும் முன்னறிவிப்பு இல்லாமல் நடக்க வேண்டும் என்றது. ஒரு குடிமகன் கொடுத்த தகவலால் பரிசோதனை நடந்தால், அதிகாரியோடு அவரும் உள்ளே நடந்து வரலாம் என்றது. நிலத்தை மீட்டுத் தருவதற்கு உறுதியாக நிறுவனம் கட்டும் பிணைத்தொகையைப் படிப்படியாக விடுவிக்கலாம் என்றது. மண் நிரப்பி, சமப்படுத்தி, வடிகால் அமைத்த பிறகு 60 சதவீதம். மீதி, செடிகொடி வேரூன்றிப் பொறுப்புக் காலம் முடிந்த பிறகு. மழை மிகுந்த பகுதிகளில் அந்தப் பொறுப்புக் காலம் குறைந்தது ஐந்து ஆண்டு.

நம் நாட்டிலும் 2009 முதல் நிலக்கரி அமைச்சகத்தின் சுரங்க மூடல் வழிகாட்டுதல்கள் இருக்கின்றன. நிறுவனம் எஸ்க்ரோ கணக்கில் பணம் கட்டுகிறது. செய்த வேலையைச் சரிபார்த்து நிலக்கரிக் கட்டுப்பாட்டாளர் அதை விடுவிக்கிறார். தோண்டிய நிலத்தில் புல்லும் செடியும் உயிரினமும் வாழும்படி மீட்டுத் தர வேண்டும் என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. நான் கேட்பது இரண்டு சேர்க்கைகள்தான். அந்தப் பணம் விடுவிக்கப்படும் முன் நடக்கும் பரிசோதனையில், கீழ்மடை விவசாயிகளின் பிரதிநிதிகள் உடன் நடப்பது உரிமையாக வேண்டும். வடிகாலும் ஆற்று வழியும் குறைந்தது ஐந்து வடகிழக்குப் பருவமழைகளைத் தாங்கி நின்ற பிறகே அவற்றுக்கான பணம் விடுவிக்கப்பட வேண்டும்.

கரி வேண்டாம் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. அந்தக் கரியில் வந்த மின்சாரத்தில்தான் நானும் படித்தேன். நிறுவனத்தின் பொறியாளர்களில் வடிகாலை அக்கறையோடு பார்ப்பவர்களும் இருப்பார்கள். உங்கள் நோட்டும் அளவுகளும் அவர்கள் கையையும் பலப்படுத்தும்.

வேலையை இப்படித் தொடங்கலாம். அக்டோபர் 2 கிராம சபை பருவமழைக்குச் சற்று முன்னால் வருகிறது; ஜனவரி 26 கிராம சபை பருவம் முடிந்ததும் வருகிறது. முதல் சபையில், மாவட்ட நிர்வாகம், நீர்வளத் துறை, நிறுவனம், விவசாயிகள் நால்வரும் சேர்ந்து கால்வாயை முனை முதல் முனை வரை நடந்து பார்க்கத் தீர்மானம் போடுங்கள். இரண்டாம் சபையில், மழையில் கண்டதை வாசித்துப் பதிவு செய்யுங்கள். கால்வாயின் கணக்கிட்ட வெள்ள அளவு, நீளவாட்டு மட்ட வரைபடம், வேலை முடிந்தபின் எடுத்த அளவுகள் ஆகிய மூன்றையும் தகவல் உரிமை மனுவில் கேளுங்கள். சுற்றுச்சூழல் அனுமதியின் நிபந்தனைகளை நிறைவேற்றியது பற்றி நிறுவனம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை கொடுத்தாக வேண்டும். அதை வாங்கி, அதில் சொல்லியிருப்பதைத் தரையில் சரிபாருங்கள். மாறுபாடு கண்டால், ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் படத்தோடும் அளவோடும் வையுங்கள். ஒவ்வொரு ஊரிலும் கணக்குத் தெரிந்த இரண்டு இளைஞர்களும், பழைய ஆறு ஓடிய வழியை அறிந்த இரண்டு பெரியவர்களும் சேர்ந்தால் ஒரு குழு ஆயிற்று. வரும் அக்டோபர் 2ஆம் தேதிக்குள் அந்தக் குழுவின் பெயர்களை எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆற்றின் நலம் நாடும் ஒருவன்